அமரபக்கம்

நவம்பர் எட்டு.
மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு
மலைக்குப் பின்னால் போன சூரியன்
இனிப் பெப்ரவரியில்தான்.

இந்த ஊரில் இது செய்தியே இல்லை.
ரெகுலா தொழுவக் கதவில்
சோக்கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டுப்
பால் வாளியோடு போய்விட்டாள்.
எதிர்ச்சரிவில் வெயில் இருக்கிறது, தெரிகிறது,
நம்மைக் கூப்பிடாத கல்யாணவீடு மாதிரி.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று
நாலாம் வகுப்பில் பத்துத் தரம் எழுதியவள் நான்.
இங்கே நிழல்
லிந்த் ஆற்றிலிருந்து கூரை வரை
கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

குகதாசன் போனதும் இப்படியொரு மாதத்தில்தான்.
ஆறு வருடம்.
கிழமைக்கு மூன்று நாள் ரயிலேற்றிக் கொண்டுபோய்
ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் விட்டு,
உப்பில்லாச் சோறு, அளந்த தண்ணீர்,
சாமத்தில் குரக்கை பிடித்த கால்,
தாகத்தில் ஒருநாள் என்மேல் எறிந்த கோப்பை.
அது உடையவில்லை.
இன்றைக்கும் அதில்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

தாதி வந்து தோளைத் தொட்டபோது
முதலில் எழுந்தது அழுகை இல்லை.
இன்றைக்கு நித்திரை கொள்ளலாம்.
அவ்வளவுதான். மூன்று சொல்.
அழுகை பிறகு வந்தது, பொய்யில்லாத அழுகை,
ஆனால் வரிசையில் இரண்டாவதாக.

சூரிச்சிலிருந்து சனம் வந்தது.
"தெய்வம் மாதிரிப் பார்த்தாய், பிள்ளை" என்றார்கள்.
அந்த மூன்று சொல்லையும்
நிலவறையில், உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால்
கொண்டுபோய் வைத்தேன்.
தொலைபேசியில் எவர் கேட்டாலும்
"நல்லா இருக்கிறன்."
வீட்டில் ஒரு லைட்டையும் அணைக்கவில்லை.
பகல்போல் எரியும் விளக்கென்று
நூற்றிருபது பிராங்குக்கு ஒன்று வாங்கி
முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு
சாப்பிட்டேன்.

இருட்டில் வைத்தது சும்மா கிடக்குமா?
மார்கழியில் சாக்கை அவிழ்த்தால்
வெள்ளை வெள்ளையாய் முளை,
விரல் நீளம்,
எல்லாம் கதவுப்பக்கம் திரும்பி.

தை மாதம் ஒரு ராத்திரி
பனி விழுந்து கரண்ட் போனது.
குசினியில் என் கையே எனக்குத் தெரியவில்லை.
அப்போது சொன்னேன், வாய்விட்டு,
அந்த மூன்று சொல்லை.

வீடு இடியவில்லை.
அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல்
பின்னாலேயே இன்னொன்று வந்தது:
கிளாருஸ் பிளாட்பாரத்தில்
கையுறையில் ஒன்றைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு
வெறுங்கையை என் கோட்டுப் பொக்கெற்றுக்குள் விட்டு
"இதுவும் உன்ர கைதானே" என்ற மனிதர்.
மூன்று வருடமாக எங்கே இருந்தீர்?
அந்த விளக்கின் வெளிச்சத்தில்
நீரும் அல்லவா வெளிறிப்போனீர்.

அன்று நித்திரை கொள்ளவில்லை. கோபித்தேன்,
கோப்பைக்காக, ஆறு வருடத்துக்காக,
என்னைத் தனியே விட்டதற்காக.
ஒரு தரம் சிரித்தும்விட்டேன்.

அவருடைய திதி கார்த்திகை, அமரபக்கத் தசமி.
காலண்டரில் விரல் வைத்து எண்ணுகிறேன்.
வளர்கிற பக்கம், தேய்கிற பக்கம்.
தேய்கிறதைக் கிழித்தெறிந்துவிட்டு
எவரும் மாதம் அச்சடித்ததாகத் தெரியவில்லை.

பெப்ரவரி இரண்டு.
யன்னலால் வருகிறது, ஏழு நிமிட வெயில்.
குசினித் தரையை வெட்டியதுபோல் ஒரு கோடு.
கதிரையை இழுத்து
அந்தக் கோட்டின் மேலேயே போடுகிறேன்,
இரண்டு கால் அங்கே, இரண்டு கால் இங்கே.
முளைவிட்ட கிழங்குகளைக்
கண் பார்த்து நறுக்கி மடியில் வைத்திருக்கிறேன்.
பனி உருகட்டும், நடுவதற்கு.
இடது கன்னம் சுடுகிறது.
வலது கன்னம் இன்னும் நவம்பர்.

ரெகுலா கண்ணாடியில் தட்டுகிறாள்:
"உள்ளே என்ன செய்கிறாய்?
வெளியே வா, முழு வெயில்!"

வருகிறேன், ரெகுலா.
இந்தத் தேத்தண்ணி முடியட்டும்.